நீக்கப்பட்டவரின் எழுத்து வாசலில் இருக்கலாமா?

தமிழ்ச் சங்கங்கள், வாசகர் வட்டங்கள், உழவர் மன்றங்கள், உபயதாரர் குழுக்கள் ஆகியவற்றின் நிர்வாகிகளுக்கு,

காணிப்பாக்கத்திலிருந்து எழுதுகிறேன். சித்தூர், திருப்பதி மாவட்டங்களில் தமிழ் பேசும் ஊர்களிலுள்ள சிறிய அமைப்புகளை மனத்தில் வைத்தே எழுதுகிறேன். ஆனாலும் வேலூரிலோ சிங்கப்பூரிலோ ஒரு சங்கத்தை நடத்துகிறவர்களுக்கும் இது பொருந்தும்.

உறுப்பினர் ஒருவரை நீக்குவது எப்படி என்று நம் துணைவிதிகளில் இருக்கிறது. நோட்டீஸ் கொடுக்க வேண்டும், விளக்கம் கேட்க வேண்டும், செயற்குழு கூட வேண்டும், தீர்மானம் மினிட் புத்தகத்தில் ஏற வேண்டும். அதோடு விதி நின்றுவிடுகிறது. அவர் எழுதி, நாமே நல்லது என்று பார்த்து, எல்லோர் கண்ணிலும் படும்படி வாசலில் மாட்டிவைத்த எழுத்தை என்ன செய்வது? இதற்கு எந்தத் துணைவிதியிலும் ஒரு வரிகூட நான் பார்த்ததில்லை. விதி இல்லாத இடத்தில் சில சமயம் கோபம் முடிவெடுக்கிறது, சில சமயம் சோம்பல் முடிவெடுக்கிறது. இரண்டுக்கும் இடம் கொடுக்காதீர்கள் என்று கேட்கவே இந்த மடல்.

எனக்குத் தெரிந்த ஒரு மன்றத்தில் நடந்ததைச் சொல்கிறேன். ஊர் பேர் வேண்டாம். எல்லையோரக் கிராமம். வீட்டில் தமிழ், பள்ளியிலும் ஆபீசிலும் தெலுங்கு. 1953இல் ஆந்திரம் தனி மாநிலமானபோது சித்தூர் மாவட்டம் அதோடு போனது. 1960இல் திருத்தணிப் பகுதி தமிழகத்துக்குத் திரும்பியது. இந்த ஊர்கள் திரும்பவில்லை. நிலத்துக் காகிதமெல்லாம் தெலுங்கில் இருக்கும். வயதானவர்களுக்குத் தெலுங்கு பேச வரும், படிக்க வராது.

இதற்கு அந்த மன்றத்து உறுப்பினர் ஒருவர் வழி கண்டார். அடங்கல் என்னும் நிலப் பதிவேட்டின் நகல் ஒன்றைப் பெரிதாக்கி, ஒவ்வொரு கட்டத்துக்கும் சிவப்பு மையில் எண் போட்டு, பக்கத்தில் அதே எண்ணுக்கு நேராகத் தமிழில் விளக்கம் எழுதினார். சர்வே எண் எந்தக் கட்டம், விஸ்தீரணம் எது, பட்டாதாரர் பெயர் எங்கே, அனுபவதாரர் பெயர் எங்கே, இரண்டு பெயரும் வேறாக இருந்தால் யாரிடம் மனு கொடுப்பது, 1பி என்னும் உரிமைப் பதிவேட்டின் நகலை மீசேவா மையத்தில் எப்படிக் கேட்பது, எல்லாம் அதில் இருந்தது. கீழே மூலையில் ‘தொகுத்தவர்’ என்று அவர் பெயர். அதற்கும் கீழே, சந்தேகம் இருந்தால் கூப்பிடச் சொல்லி அவருடைய போன் நம்பர். லேமினேட் செய்து கண்ணாடிப் பலகைக்குள் மற்ற அறிவிப்புகளுக்கெல்லாம் மேலே மாட்டினார்கள். தாசில்தார் ஆபீசுக்குப் போகிறவர்கள் முதலில் மன்றத்துக்கு வந்து அதைப் போனில் படம் பிடித்துக்கொண்டு போவார்கள்.

பிறகு அதே மனிதர் கட்டட நிதிக்கு வசூலித்த பணத்துக்குக் கணக்குக் காட்டவில்லை. பலமுறை கேட்டும் பதில் இல்லை. நீக்கினார்கள், நீக்கியது சரி. அடுத்த கூட்டத்திலேயே பலகைச் சண்டை தொடங்கியது. “பணத்தைத் தின்னவன் பேரு வாசல்ல இருக்கணுமா? கிழிச்சுப் போடுங்க” என்றார் ஒருவர். “அது போச்சுன்னா நான் யாரைப் போய்க் கேக்கறது?” என்றார், பாகப் பிரச்சினையில் அலைந்துகொண்டிருந்த ஓர் அம்மா. முடிவெடுக்காமல் கூட்டம் கலைந்தது. சில நாள் கழித்துக் காலையில் வந்து பார்த்தால், விளக்கம் அப்படியே இருக்கிறது, போன் நம்பர்கூட இருக்கிறது. பெயர் மட்டும் வெள்ளைத் தாள் ஒட்டி மறைக்கப்பட்டிருக்கிறது. யார் ஒட்டினார்கள் என்று யாரும் சொல்லவில்லை.

இருந்த வழிகளிலேயே மிக மோசமானதை அந்த மன்றம் தேர்ந்தெடுத்துவிட்டது. கிழித்திருந்தால் நஷ்டம் கண்ணுக்குத் தெரிந்திருக்கும், வேறொருவர் புதிதாக எழுத முன்வந்திருப்பார். அப்படியே விட்டிருந்தால் அதைப் பற்றிக் கேள்வியாவது எழுந்திருக்கும். பெயரை மட்டும் மறைத்ததில், உழைப்பை எடுத்துக்கொண்டு உழைத்தவரை இல்லை என்று சொன்னதாயிற்று. கணக்குக் காட்டாதவரை நீக்கிய மன்றம், தன் பலகையிலேயே ஒரு கணக்கை மறைத்தது.

நண்பர்களே, ஒருவரை நீக்கும்போது நம் முன்னால் மூன்று கேள்விகள் இருக்கின்றன. அவர் நம்மோடு உட்காரலாமா என்பது ஒன்று. அவர் எழுதியது இருக்கலாமா என்பது இரண்டாவது. அது வாசலில், எல்லாவற்றுக்கும் மேலே, இருக்கலாமா என்பது மூன்றாவது. முதல் கேள்விக்குப் பதில் சொன்னதும் மற்ற இரண்டுக்கும் பதில் கிடைத்துவிட்டதாக நினைக்கிறோம். கிடைக்கவில்லை. மூன்றையும் தனித்தனியே எடுத்து, தனித்தனியே முடிவு செய்து, எழுதிவைக்க வேண்டும்.

கணக்குக் காட்டாதவரை விலக்குவது நமக்குப் புதிதில்லை. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919இலும் 921இலும், உத்திரமேரூரில் வெட்டிய கல்வெட்டுகள் குடவோலைத் தேர்தலுக்கு யார் தகுதியானவர், யார் தகுதியற்றவர் என்று விரிவாகச் சொல்கின்றன. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயரை ஓலையில் எழுதக் கூடாது. அவருடைய நெருங்கிய உறவினர்களின் பெயரும் கூடாது. இன்றைக்கு உறவினர்வரை போவது நியாயமாகப் படாது. அவ்வளவு கடுமையான விதி. ஆனால் அந்த விலக்கு முழுவதும் அவர் உட்காரும் இடத்தைப் பற்றியது. ஏரி வாரியத்தில் இருந்த காலத்தில் அவர் வெட்டிய கால்வாயைத் தூர்த்துவிடு என்று அந்தச் சுவரில் எந்த விதியும் இல்லை. தண்ணீர் பாய்ந்த வயல்கள் அவருடையவை இல்லையே.

காணிப்பாக்கத்துக்கு வந்தவர்கள் கோயிலை ஒட்டிய பாகுதா நதியை அறிவீர்கள். அதன் கதை மகாபாரதத்தின் சாந்தி பர்வத்திலும் இருக்கிறது. சங்க முனிவரின் ஆசிரமத்துப் பழத்தைக் கேட்காமல் தின்றுவிட்டார் தம்பி லிகிதர். “இது திருட்டு, அரசனிடம் போய்த் தண்டனை வாங்கிக்கொள்” என்று அனுப்பினார் அண்ணன். அரசன் சுத்யும்னன் மன்னித்துவிடத் தயாராக இருந்தான். லிகிதர் தண்டனைதான் வேண்டும் என்று நின்றார். கைகள் வெட்டப்பட்டன. பாகுதாவில் நீராடியபோது அவை மறுபடி வந்தன. தம்பிக்கு ஒரு சந்தேகம்: இவ்வளவு சக்தி உள்ள அண்ணன் முதலிலேயே தன்னைத் தூய்மைப்படுத்தியிருக்கலாமே? தண்டிப்பது அரசனுடைய வேலை, தன்னுடையதில்லை என்று சங்கர் பதில் சொல்கிறார்.

கைகள் திரும்ப வந்த அதிசயத்தைத்தான் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. லிகிதர் தர்மசாஸ்திரம் செய்தவர். தர்மசாஸ்திரம் செய்தவர்களைப் பட்டியலிடும்போது யாக்ஞவல்கிய ஸ்மிருதி சங்கர், லிகிதர் இருவரையும் சேர்த்தே சொல்கிறது. திருட்டுக்குத் தண்டனை பெற்றவர் என்பது ஊரறிந்த கதை. அவர் பெயரிலுள்ள நீதி நூலும் நிலைத்திருக்கிறது. கதைக்காக நூலை ஒழிக்கவில்லை, நூலுக்காகக் கதையை மறைக்கவில்லை. யார் எதைத் தீர்மானிக்க வேண்டும் என்பதிலும் சங்கர் தெளிவாக இருந்தார். செயற்குழு கூடி முடிவெடுக்க வேண்டியதை, கோபக்காரர் ஒருவர் கையில் வெள்ளைத் தாளோடு முடித்துவிடக் கூடாது.

அண்மைக் கால உதாரணம் வேண்டுமானால் எம்.கே. தியாகராஜ பாகவதர் இருக்கிறார். அவர் கதாநாயகனாக நடித்த ‘ஹரிதாஸ்’ படம் 1944 தீபாவளிக்கு வந்தது. அதே ஆண்டு நவம்பரில் பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் சென்னையில் குத்திக் கொல்லப்பட்டார், பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் கைதானார்கள், 1945இல் ஆயுள் தண்டனை. கதாநாயகன் சிறையில் இருக்க, படம் சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. லண்டன் பிரிவி கவுன்சில்வரை போய், மறு விசாரணைக்குப் பிறகு 1947இல் இருவரும் விடுதலையானார்கள். தண்டனை வந்த அன்றே படச்சுருளைக் கொளுத்தியிருந்தால், விடுதலை வந்த அன்று அதை எங்கிருந்து கொண்டுவருவது? நீக்கங்கள் சில சமயம் தவறாகும். ஆறிய மனத்தோடு இரண்டாம் முறை விசாரித்தால் வேறு முடிவு வரலாம். திருத்த முடியாத காரியத்தை முதல் கோபத்தில் செய்யக் கூடாது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

ஆனால் ஒரு வித்தியாசத்தையும் சொல்லியாக வேண்டும். தியேட்டரில் படம் ஓடியது ஜனங்கள் டிக்கெட் வாங்கியதால். நம் வாசல் பலகையில் ஓர் எழுத்து மேலே இருப்பது, நிர்வாகிகளாகிய நீங்கள் அங்கே வைத்திருப்பதால். அதை இறக்காத ஒவ்வொரு நாளும் நீங்கள் அதை ஏற்றிவைத்திருக்கிறீர்கள் என்றுதான் பொருள். “அது முன்னமே மாட்டினது” என்பது பதிலாகாது. அலமாரியில் இருப்பது வேறு, வாசலில் இருப்பது வேறு. அலமாரி சேமிப்பு, வாசல் மரியாதை.

இதனால்தான் காயப்பட்டவர்களின் குரலை முதலில் கேட்கச் சொல்கிறேன். 2018இல் இசை உலகில் பாலியல் புகார்கள் எழுந்தபோது, சென்னை மியூசிக் அகாடமி அந்த டிசம்பர் விழாவில் ஏழு கலைஞர்களுக்கு மேடை தரவில்லை. அவர்களுடைய ஒலிப்பதிவுகளை யாரும் வீட்டில் கேட்கலாம். அதை யாரும் தடுக்கவில்லை. மேடை என்பது அமைப்பு தரும் மரியாதை, அதைத் தராமல் இருக்க அமைப்புக்கு உரிமை உண்டு. நம் ஊர்ச் சங்கத்திலும், ஒருவரால் துன்பப்பட்ட பெண்ணோ பையனோ தினமும் அந்தப் பெயரைத் தாண்டித்தான் உள்ளே வர வேண்டியிருந்தால், எழுத்து எவ்வளவு உபயோகமானாலும் வாசலிலிருந்து இறக்குங்கள். உள்ளே கோப்பில் வையுங்கள், கேட்கிறவருக்கு எடுத்துக் கொடுங்கள். விஷயம் யாருக்கும் கிடைக்காமல் போகாது. மரியாதை மட்டும் போகும்.

எழுத்தே தவறுக்குக் கருவியாக இருந்தால் யோசிக்க ஒன்றுமில்லை, அன்றே எடுக்க வேண்டும். பொய்த் தகவல், வசூல் செய்யும் வங்கிக் கணக்கு எண், ஆளை நம்பவைக்கும் பதவிப் பெயர் எல்லாம் இதில் அடங்கும். நான் சொன்ன மன்றத்தில் முதலில் மறைக்க வேண்டியது அந்தப் போன் நம்பரைத்தான். பெயர், எழுதினவர் யார் என்று சொல்கிறது. நம்பரோ, மன்றத்தின் சார்பில் இவரிடம் போகலாம் என்று சொல்கிறது. நீக்கப்பட்டவரிடமிருந்து மன்றம் எடுத்துக்கொண்டது அந்த உரிமையைத்தானே? அதை விட்டுவிட்டுப் பெயரின் மேல் தாள் ஒட்டினார்கள்.

பெயரை எடுப்பதில் சட்டமும் குறுக்கே நிற்கிறது. 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 57ஆம் பிரிவு, படைப்பு தன்னுடையது என்று சொல்லிக்கொள்ளும் உரிமையைப் படைத்தவருக்குத் தருகிறது. பதிப்புரிமையை எழுதிக் கொடுத்துவிட்டாலும் அது அவரிடமே இருக்கும். அதே பிரிவின் விளக்கம், படைப்பைக் காட்சிக்கு வைக்காமல் இருப்பது இந்த உரிமையை மீறியதாகாது என்கிறது. நமக்கு வேண்டிய வழி இங்கேயே கிடைக்கிறது: பலகையிலிருந்து இறக்கலாம், வைத்திருந்தால் பெயரோடு வைக்க வேண்டும். படைப்பைச் சிதைப்பதும் சிறிய குற்றமில்லை. டெல்லி விஞ்ஞான் பவனில் இருந்த சிற்பி அமர்நாத் சேகலின் பெரிய வெண்கலச் சுவர்ச்சிற்பத்தை 1979இல் பெயர்த்தெடுத்துச் சிதையவிட்டார்கள். 2005இல் டெல்லி உயர் நீதிமன்றம் அதை அவரிடமே திருப்பித் தரவும் 5 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கவும் உத்தரவிட்டது.

மறைப்பதால் மறைந்துவிடும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு பழைய செய்தி. சோவியத் நாட்டில், ஸ்டாலினின் ரகசியப் போலீசுக்குத் தலைவராக இருந்த பெரியா 1953 டிசம்பரில் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு, பெரிய சோவியத் கலைக்களஞ்சியத்தை வாங்கியிருந்தவர்களுக்கு வேறு பக்கங்கள் அனுப்பப்பட்டன. பெரியாவைப் பற்றிய கட்டுரையை வெட்டியெடுத்துவிட்டு, பெரிங் கடல் முதலானவற்றைப் பற்றிய இந்தப் பக்கங்களை ஒட்டிக்கொள்ள வேண்டும். விளைவு? அந்தக் களஞ்சியத்தில் இருந்த ஆயிரக்கணக்கான கட்டுரைகளில், வெட்டச் சொன்ன அந்த ஒன்றைத்தான் உலகம் இன்றுவரை பேசுகிறது. நம்மவர்கள் செய்தது வேறு. சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்றவர்களின் நிலங்களைப் பறித்ததைக் காட்டுமன்னார்கோயில் அருகே உடையார்குடிக் கல்வெட்டு பதிவு செய்கிறது. ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டு. கொன்றவர்களைத் துரோகிகள் என்றே அது சொல்கிறது. அவர்களில் ஒருவனான ரவிதாசனுக்கு இருந்த ‘பஞ்சவன் பிரமாதிராஜன்’ என்ற பட்டத்தையும் சேர்த்தே சொல்கிறது. செய்த குற்றமும் பெற்றிருந்த மரியாதையும் ஒரே கல்லில் இருக்கின்றன. படிக்கிறவர் தானே முடிவு செய்துகொள்ளலாம்.

இனி, யாரும் பேசாத ஒன்று. நீக்கப்பட்டவர் எழுதியதை இனி யார் திருத்துவார்? எழுதியவருக்கு உள்ளே வர அனுமதியில்லை. மற்றவர்களுக்கு அதைத் தொடத் தயக்கம். காலம் அதற்காகக் காத்திருக்காது. ஆந்திரத்தில் நிலச் சட்டம் இந்தச் சில ஆண்டுகளில் எப்படிப் புரண்டது என்று பாருங்கள். நில உரிமைச் சட்டம் 2023 அக்டோபர் கடைசியில் நடைமுறைக்கு வந்தது; ஆட்சி மாறியதும் 2024இல் ரத்தானது. இதே ஆண்டுகளில் மறு அளவையும் புதிய பாஸ்புத்தகங்களும் வந்தன. பழைய விளக்கத்தைப் படம் பிடித்துக்கொண்டு போகிறவர் கிராம வருவாய் அலுவலர் (வி.ஆர்.ஓ.) முன்னால் போய்த் திகைத்து நிற்பார். நன்றாக எழுதப்பட்டது, மேலே மாட்டப்பட்டது, எல்லோரும் நம்புவது. அதனால்தான் அது பழசானால் ஆபத்தும் அதிகம். ஆகவே அப்படி ஓர் எழுத்தை வைத்திருப்பது என்று முடிவு செய்தால், அதற்கு ஒரு புதிய பொறுப்பாளரையும் அன்றே போடுங்கள். அவர் சேர்த்தது எது, மாற்றியது எது என்று தேதியோடு கீழே எழுதட்டும். மூலத்தை எழுதியவர் பெயரும் இருக்கட்டும், திருத்தியவர் பெயரும் இருக்கட்டும். ஒருவர் எழுதியதற்கு மற்றவர் பழி ஏற்க வேண்டியதில்லை.

உபயப் பலகைகள் பற்றியும் கேட்கிறார்கள். வாங்கிக் கொடுத்த மின்விசிறியிலும் பீரோவிலும் எழுதிய பெயர் ஒரு ரசீது மாதிரி. கொடுத்தது உண்மை என்றால் பெயரும் இருக்கட்டும். கொடுத்த பணமே நம் பணம் என்று நிரூபணமானால், அதையும் தீர்மானத்தில் எழுதிவிட்டுப் பெயரை எடுங்கள்.

இதையெல்லாம் எல்லோர் முன்னிலையிலும் செய்யுங்கள் என்பதுதான் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது. காணிப்பாக்கத்தில் பிரமாணம் செய்யும் வழக்கம் உங்களுக்குத் தெரியும். கொடுக்கல் வாங்கல் தகராறில் இருப்பவர்கள் குளத்தில் முழுகி, வரசித்தி விநாயகர் முன்னால் நின்று சத்தியம் செய்கிறார்கள். பொய்ச் சத்தியம் செய்யப் பயந்து, வழியிலேயே உண்மையை ஒப்புக்கொண்டவர்களைப் பற்றி இங்கே நிறையச் சொல்வார்கள். நம்பிக்கை உள்ளவரோ இல்லாதவரோ, இதிலிருந்து ஒன்றை எடுத்துக்கொள்ளலாம்: சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டிய இடத்தில் நின்று, நான்கு பேர் கேட்கச் சொன்னால் சண்டை தீரும். ராத்திரியில் ஒட்டிய வெள்ளைத் தாள் சண்டையை வளர்க்கத்தான் செய்யும்.

ஆகவே உங்கள் அடுத்த பொதுக்குழுவில் துணைவிதியில் இப்படி ஒரு பிரிவைச் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். வேண்டிய திருத்தங்களைச் செய்துகொள்ளுங்கள்.

“உறுப்பினர் ஒருவர் நீக்கப்பட்டால், அவர் எழுதியோ தொகுத்தோ சங்கத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ள ஒவ்வொன்றையும் பற்றிச் செயற்குழு முப்பது நாளுக்குள் தனித் தீர்மானம் எடுக்கும். அவருடைய தொடர்பு எண்ணும் பதவிப் பெயரும் நீக்கப்பட்ட அன்றே எடுக்கப்படும். அவரால் பாதிக்கப்பட்டவர் கேட்டுக்கொண்டால் எழுத்து உடனே வாசலிலிருந்து உள்கோப்புக்கு மாற்றப்படும். உறுப்பினர்களுக்குப் பயன்படும் எழுத்து, எழுதியவர் பெயரோடும் புதிய பொறுப்பாளர் பெயரோடும் தேதியோடும் வைக்கப்படும். எதுவும் அழிக்கப்படாது, இறக்கப்பட்டதன் பிரதி கோப்பில் இருக்கும். தீர்மானம் அதே பலகையில் ஒட்டப்படும். நீக்கம் ரத்தானால் இவை மறுபரிசீலனை செய்யப்படும்.”

நீக்கப்பட்டவருக்கும் இந்தத் தீர்மானத்தின் ஒரு பிரதியை அனுப்புங்கள். அவர் உறுப்பினர் இல்லை; ஆனால் தன் எழுத்துக்கு என்ன ஆயிற்று என்று தெரிந்துகொள்ள அவருக்கு உரிமை உண்டு. பணத்தைத் திருப்பிக் கட்டி, தவறை ஏற்றுக்கொண்டு ஒருநாள் அவர் திரும்பி வந்தால், உங்கள் நடத்தையில் குறை சொல்ல அவருக்கு எதுவும் இருக்கக் கூடாது.

ஒரு சங்கம் யாரை நீக்கியது என்பதை வைத்து மட்டும் அடுத்த தலைமுறை அதை எடைபோடாது. நீக்கிய பிறகு அவருடைய உழைப்பிடமும், அதை நம்பி வந்தவர்களிடமும் எப்படி நடந்துகொண்டது என்றும் பார்க்கும். அந்த அம்மாவுக்கு அடங்கலைப் படித்துக்காட்ட ஓர் ஆள் வேண்டும். அது உங்கள் கடமை. கட்டட நிதிக்குக் கணக்கு வர வேண்டும். அதுவும் உங்கள் கடமை. ஒன்றைச் சொல்லி மற்றதைக் கைவிடாதீர்கள். அடுத்த பொதுக்குழுவின் நிகழ்ச்சி நிரலில் இதை முதல் பொருளாக வையுங்கள்.

அன்புடன்,
காணிப்பாக்கத்திலிருந்து ஒரு சங்க உறுப்பினர்